மருத்துவமனைக் கழிவுநீரில் ஆன்டிபயாட்டிக்: கையில் இருக்கும் எஸ்டிபி-யை வைத்தே குறைப்பது எப்படி

மருத்துவமனை எஸ்டிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) நடத்துகிறவர்களிடம் ஆன்டிபயாட்டிக் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பதில்தான் வரும். "அதெல்லாம் நம்ம பிளான்ட்ல போகாது, ஓசோன் வேணும்" என்பார்கள். இல்லையென்றால், "ஏதோ பாக்டீரியா பவுடர் விக்கிறாங்களே, அதைப் போட்டா போயிடுமாம்" என்பார்கள். நான் கோவைப் பக்கம் நடுத்தர மருத்துவமனை ஒன்றின் பிளான்ட்டைப் பார்த்துக்கொள்கிறேன். 100 கேஎல்டி (நாளுக்கு 100 கிலோலிட்டர்), சாதாரண எக்ஸ்டெண்டட் ஏரேஷன் (நீண்ட நேரம் காற்றூதி பாக்டீரியாவால் சுத்தம் செய்யும் முறை), பின்னால் ஒரு சாண்ட் ஃபில்டர், ஒரு கார்பன் ஃபில்டர். உங்களுடையதும் அநேகமாக இப்படித்தான் இருக்கும். இதை ஒழுங்காக ஓட்டினாலே கணிசமாகக் குறைக்கலாம். முழுவதும் போகாது. எது போகும், எது போகாது, போனது எங்கே போனது என்று தெரிந்து ஓட்டவேண்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மருந்துத் தொழிற்சாலைகளுக்கான வழிகாட்டி அல்ல. ஹைதராபாத் அருகே பட்டன்சேருவில், ஏறத்தாழ 90 மருந்து நிறுவனங்களின் கழிவு வந்துசேரும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை ஸ்வீடனின் யோக்கிம் லார்சன் குழு ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டது. சுத்திகரித்து வெளியே விட்ட நீரிலேயே லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது. அந்த மாத்திரையைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில்கூட அவ்வளவு இருக்காது. அந்த அளவு வந்தால் நம் டேங்கில் உள்ள பாக்டீரியாவே அடிபடக்கூடும். மருத்துவமனைக் கழிவில் மைக்ரோகிராம் கணக்குதான். நம் ஸ்லட்ஜ் (டேங்கில் வளரும் பாக்டீரியாச் சேறு) அதைத் தாங்கும்.

மைக்ரோகிராம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராமுக்கு மேல் சிப்ரோ இருந்தாலே மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு அந்தத் தண்ணீர் சாதகமாகிவிடும் என்று 2016-இல் பெங்ட்சன்-பால்மேவும் லார்சனும் கணித்தார்கள். 2011-இல் வெளியான டெல்லி ஆய்வில், தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171-இல் 51-இலும், குழாய்த் தண்ணீர் மாதிரிகள் 50-இல் 2-இலும் என்டிஎம்-1 மரபணு கிடைத்தது. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கார்பபீனம் வகை ஆன்டிபயாட்டிக் ஊசிகளையே செல்லாக்காசாக்கும் மரபணு அது.

எந்த மருந்து என்ன ஆகிறது

மருந்தகத்தில் எது அதிகம் போகிறது என்று ஒரு பட்டியல் வாங்குங்கள். பார்மசிஸ்ட்டிடம் கேட்டால் ஸ்டாக் ரிப்போர்ட் எடுத்துக் கொடுத்துவிடுவார். செஃப்ட்ரியாக்சோன், அமாக்சிசிலின், சிப்ரோ, அசித்ரோமைசின், கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின் என்று எப்படியும் ஆறேழு பெயர்கள் மேலே நிற்கும். சாப்பிட்ட மருந்து உடம்பில் முழுவதும் செலவாவதில்லை. வாய்வழி சிப்ரோவில் 40 முதல் 50 சதவீதம் அப்படியே சிறுநீரில் வந்துவிடும். செஃப்ட்ரியாக்சோன் மூன்றில் ஒரு பங்கு முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை வரும்.

அமாக்சிசிலின் மாதிரி பென்சிலின் வகைகள் நமக்குச் சிரமம் தருவதில்லை. அவற்றின் பீட்டா-லாக்டம் வளையம் தண்ணீரிலேயே மெல்ல உடையும்; பாக்டீரியாவின் நொதிகள் அதை இன்னும் வேகப்படுத்தும். பைப்பிலேயே பாதி வேலை முடிந்து வரும்.

சிப்ரோ, நார்ஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் ஆகியவை வேறு ரகம். பிளான்ட்டுக்குள் வரும் நீரையும் வெளியே போகும் நீரையும் சோதித்தால் பெரிய வித்தியாசம் தெரியும், மனசு குளிரும். ஆனால் அவற்றில் பெரும்பகுதி உடையவில்லை, ஸ்லட்ஜில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீரிலிருந்து போய்விட்டது, வளாகத்தை விட்டுப் போகவில்லை. பின்னால் ஸ்லட்ஜை என்ன செய்வது என்று சொல்லும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

கோட்ரைமாக்சசோலில் உள்ள இரண்டு மருந்துகளில் ஒன்றான சல்ஃபமெதாக்சசோல் கொஞ்சம் ஏமாற்றுக்காரன். உடம்பு இதில் ஒரு பகுதியை அசிட்டைல் சேர்த்த வடிவமாக மாற்றி வெளியேற்றுகிறது. எஸ்டிபி பாக்டீரியா அந்த அசிட்டைலைக் கழற்றி, பழைய மருந்தாகவே திருப்பிக் கொடுத்துவிடும். அதனால்தான் சில ரிப்போர்ட்டுகளில் உள்ளே வந்ததைவிட வெளியே போனது அதிகம் என்று மைனஸ் கணக்கு வரும். லேப் தப்பு என்று நினைத்துச் சண்டைக்குப் போகவேண்டாம்.

கோட்ரைமாக்சசோலின் இன்னொரு மருந்தான ட்ரைமெத்தோப்ரிமும், அசித்ரோமைசினும்தான் பிடிவாதக்காரர்கள். இளம் ஸ்லட்ஜ் ட்ரைமெத்தோப்ரிமைத் தொடவே தொடாது. வயதான, நைட்ரிஃபிகேஷன் (அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது) நடக்கும் ஸ்லட்ஜ் ஓரளவு உடைக்கும். காற்றில்லாச் சூழலில் அதுவும் சல்ஃபமெதாக்சசோலும் நன்றாகவே உடையும். உங்கள் டேங்கில் அனாக்சிக் அறை (காற்றூதாமல் கலக்கி மட்டும் விடும் அறை) என்று ஒன்று கட்டி, மிக்ஸர் பழுதாகி, சும்மா கிடக்கிறதா? சரிசெய்து ஓட்டுங்கள். பல இடங்களில் இது வரைபடத்தில் மட்டும்தான் இருக்கிறது.

ஸ்லட்ஜுக்கு வயது வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் செய்வேன் என்றால், இதைச் செய்யுங்கள். ஸ்லட்ஜின் வயதை, அதாவது அது சராசரியாக டேங்கில் தங்கும் காலத்தை, 20 நாளுக்கு மேல் வையுங்கள்.

காரணம் இருக்கிறது. எந்த பாக்டீரியாவும் மைக்ரோகிராம் மருந்தைத் தின்று உயிர் வாழாது, அது வயிற்றுக்குப் போதாது. அம்மோனியாவையும் மற்ற கழிவையும் தின்னும்போது அதே நொதி பக்கத்தில் கிடக்கும் மருந்து மூலக்கூறையும் உடைத்துவிடுகிறது. அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும் பாக்டீரியாவிடம் இந்தத் திறமை நிறைய. ஆனால் அவை மெதுவாகப் பெருகுபவை. அவை ஒன்று இரண்டாவதற்குள் நீங்கள் ஸ்லட்ஜை வெளியே தள்ளிவிட்டால் டேங்கில் நிலைக்கவே மாட்டா. வேகமாகப் பெருகி பிஓடி-யை (மட்கும் கழிவின் அளவை) குறைக்கும் கூட்டம் மட்டும் மிஞ்சும். ரிப்போர்ட் பாஸ், மருந்து அப்படியே.

கணக்கு எளிது. எங்கள் ஏரேஷன் டேங்க் 100 கிலோலிட்டர், எம்எல்எஸ்எஸ் (டேங்க் நீரில் மிதக்கும் ஸ்லட்ஜின் அளவு) லிட்டருக்கு 3500 மில்லிகிராம் என்றால் உள்ளே 350 கிலோ ஸ்லட்ஜ் இருக்கிறது. கிளாரிஃபையரின் (ஸ்லட்ஜ் படியும் தொட்டியின்) அடியிலிருந்து திரும்பி வரும் ஸ்லட்ஜ் லிட்டருக்கு 10,000 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோலிட்டருக்கு 10 கிலோ. 20 நாள் வயது வேண்டுமென்றால் 350-ஐ 20-ஆல் வகுங்கள்: நாளுக்கு 17.5 கிலோ, அதாவது 1.75 கிலோலிட்டர் மட்டும் வெளியே எடுக்கலாம். கிளாரிஃபையரில் வழிந்து போகும் துகளும் இதில் சேர்த்தி. வெளியேறும் நீரில் டிஎஸ்எஸ் (மிதக்கும் துகளின் அளவு) லிட்டருக்கு 20 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 2 கிலோ நீங்கள் எடுக்காமலேயே போகிறது, அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் நடப்பது என்ன? ஃபில்டர் பிரஸ் (ஸ்லட்ஜைப் பிழியும் இயந்திரம்) ஆள் வாரத்துக்கு ஒருமுறை வருவார், அன்றைக்கு மொத்தமாக இழுத்துவிடுவார்கள். வயது என்கிற கணக்கே அன்றோடு போச்சு. தினமும் கொஞ்சம், டைமர் போட்டு எடுத்து, தனி ஸ்லட்ஜ் டேங்கில் சேர்த்துவையுங்கள். பிரஸ் எப்போது வேண்டுமானாலும் ஓடட்டும்.

வயது கூடினால் எம்எல்எஸ்எஸ் கூடும், கிளாரிஃபையர் திணறும். அதைப் பார்க்க ஒரு லிட்டர் அளவு ஜாடி போதும். டேங்கின் நடுவிலிருந்து மொண்டு, நிழலில் வைத்து, 30 நிமிடம் தொடாமல் விடுங்கள். முதல் ஐந்து நிமிடத்தை நின்று பாருங்கள், அங்கேதான் கதை இருக்கிறது. நல்ல ஸ்லட்ஜ் பழுப்பு நிறத்தில் பஞ்சு பஞ்சாகத் திரண்டு, கோடு போட்டதுபோல் இறங்கும். மேலே உள்ள நீர் தெளிவாக இருக்கும். மோந்து பார்த்தால் மழை நனைத்த மண் வாசம். 30 நிமிடத்தில் 350 மில்லியில் நின்றால், 3500 எம்எல்எஸ்எஸ்-க்கு எஸ்விஐ (ஒரு கிராம் ஸ்லட்ஜ் படிந்து அடைக்கும் மில்லி) 100. அருமை. வேகமாக விழுந்துவிட்டு, மேலே குண்டூசித் தலைபோல் துகள்கள் மிதந்தால் வயது மிஞ்சிப்போச்சு. 20-லிருந்து 30-க்குள் வைத்துக்கொள்வது எனக்குச் சரிப்பட்டு வருகிறது.

நைட்ரிஃபிகேஷன் நடக்கிறதா என்று பார்க்க லேபுக்கு அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். மீன் தொட்டிக் கடையில் விற்கும் அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்குங்கள். கிளாரிஃபையர் நீரில் சொட்டு விட்டால் மஞ்சளாகவே நிற்கவேண்டும். பச்சை ஏற ஏற அம்மோனியா மிச்சம் என்று அர்த்தம். அம்மோனியா இல்லாததால் மருந்தும் இல்லை என்று ஆகிவிடாது. மருந்தை உடைக்கும் கூட்டம் வீட்டில் இருக்கிறது என்பதற்கு அது அடையாளம், அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்துக்குக் காற்றும் காரமும் வேண்டும். டேங்கின் தூர மூலையில் டிஓ (நீரில் கரைந்த ஆக்சிஜன்) லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போகக்கூடாது. ராத்திரியில் கரண்ட் பில்லுக்குப் பயந்து ப்ளோயரை நிறுத்தும் பழக்கத்தை விடுங்கள். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறுவதற்கு 7.14 மில்லிகிராம் அல்கலினிட்டி செலவாகும். போர் தண்ணீர் ஓடும் இடங்களில் இது பிரச்சினையாவது அபூர்வம். ஆர்ஓ தண்ணீரோ மழைநீரோ அதிகம் கலந்தால் பிஎச் 6.8-க்குக் கீழே நழுவும். அப்போது சோடியம் பைகார்பனேட்டைக் கரைத்து மெதுவாக விடுங்கள்.

ஹைப்போதான் முதல் எதிரி

20 நாள் பொத்திப் பொத்தி வளர்த்த ஸ்லட்ஜை ஒரு கேன் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட் கிருமிநாசினி) ஒரே மதியத்தில் கொன்றுவிடும். ஒரு சதவீத ஹைப்போ என்றால் லிட்டருக்கு 10,000 மில்லிகிராம் குளோரின். வார்டு கழுவும் நாள், ஆபரேஷன் தியேட்டர் ஃபியூமிகேஷன் நாள், லேப் கழிவைக் கொட்டும் நேரம், இந்த மூன்றையும் விசாரித்து லாக் புக்கில் எழுதிவையுங்கள்.

இதற்கு பிளான்ட்டில் உட்கார்ந்திருந்தால் ஆகாது, மேலே மாடிக்குப் போகவேண்டும். ஹவுஸ்கீப்பிங் அக்காவிடம் கேட்டேன்: "அக்கா, மிச்சம் இருக்கிற ஹைப்போவை எங்க ஊத்துறீங்க?" "சிங்க்லதான் மேடம், வேற எங்க ஊத்துறது?" அவர் சொன்னதில் தப்பே இல்லை. வேறு இடம் நாம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு தளத்திலும் ஒரு மூடி போட்ட டிரம் வைத்து, அதைக் கீழே ஒரு சிறிய டேங்கில் சேர்த்து, குளோரின் கிட்டில் பார்த்து, தேவைப்பட்டால் சோடியம் தயோசல்ஃபேட் போட்டு அடக்கி, ஈக்வலைசேஷன் டேங்குக்கு (வரும் கழிவுநீரைச் சேர்த்துக் கலக்கும் தொட்டிக்கு) மெல்லிய பைப்பில் விட்டோம். லேப் கழிவுநீரைக் கிருமி நீக்கம் செய்துதான் வெளியேற்றவேண்டும் என்பது விதி, அதை மாற்ற முடியாது. செய்தபின் குளோரினை அடக்குவது நம் வேலை. எண்டோஸ்கோப்பி அறையின் குளுட்டரால்டிஹைடையும் அதேபோல பைசல்ஃபைட் போட்டு அடக்காமல் உள்ளே விடாதீர்கள்.

ஸ்லட்ஜ் அடிபட்டதைக் கண்டுபிடிக்க நல்ல அறிகுறி டிஓ மீட்டர்தான். ப்ளோயர் அதே வேகம், ஆனால் டிஓ திடீரென்று 2-லிருந்து 5, 6 என்று ஏறுகிறதா? சந்தோஷப்படாதீர்கள். காற்றைச் சுவாசிக்க ஆள் இல்லை என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் வெள்ளை நுரை பொங்கும், ஜாடியில் மேல்நீர் கலங்கும். உடனே ஸ்லட்ஜ் எடுப்பதை நிறுத்துங்கள். பக்கத்தில் நன்றாக ஓடும் எஸ்டிபி-யிலிருந்து ஒரு டேங்கர் ஸ்லட்ஜ் வாங்கி விட்டால் சீக்கிரம் தேறும்.

மருந்தே சிங்க்கில் போவதையும் இங்கேயே நிறுத்துங்கள். பாதி மிஞ்சிய ஊசிக் குப்பியும் காலாவதி மாத்திரையும் உயிரி மருத்துவக் கழிவு விதிகள் 2016-இன்படி மஞ்சள் பையில் போகவேண்டியவை. நர்சிங் சூப்பரிண்டெண்டெண்டிடம் ஒருமுறை சொன்னால் போதாது, புது ஆட்கள் சேரும்போதெல்லாம் சொல்லவேண்டும்.

புதிதாகச் செலவு செய்வதென்றால்

டேங்க் பெரிதாக்க இடமில்லை என்றால் எம்பிபிஆர் மீடியா (டேங்கில் மிதக்கவிடும் பிளாஸ்டிக் துண்டுகள்) போடுவது நல்ல வழி. இவற்றின் மேல் படலமாக வளரும் பாக்டீரியா, நீங்கள் ஸ்லட்ஜ் எடுத்தாலும் வெளியே போகாது. வயது தானாகவே கூடும். ட்ரைமெத்தோப்ரிம் போன்றவற்றில் மிதக்கும் ஸ்லட்ஜைவிட இந்தப் படலம் நன்றாக வேலை செய்வதாக ஆய்வுகள் உண்டு. டேங்க் கொள்ளளவில் 30 முதல் 50 சதவீதம் போதும். வெளியேறும் வாயில் சல்லடை இல்லாமல் போடாதீர்கள், மீடியா முழுவதும் கிளாரிஃபையரில் போய் மிதக்கும். மலிவான மறுசுழற்சி பிளாஸ்டிக் மீடியா உரசி உரசிப் பொடியாகிவிடும்.

எம்பிஆர் (கிளாரிஃபையருக்குப் பதில் சவ்வு வைத்து வடிக்கும் முறை) இன்னும் நல்லது, இன்னும் செலவு. ஒரு தவறான நம்பிக்கையை மட்டும் திருத்திவிடுகிறேன்: சவ்வு மருந்தைத் தடுக்காது. ஆன்டிபயாட்டிக் மூலக்கூறு அந்தத் துளையில் தாராளமாகப் போகும். சவ்வு தடுப்பது பாக்டீரியாவை. அதனால் ஸ்லட்ஜ் உள்ளேயே நின்று வயதாகிறது, மருந்துக்கு அடங்காத கிருமியும் வெளியே போவதில்லை. டென்மார்க்கின் ஹெர்லெவ் மருத்துவமனையில் எம்பிஆர்-க்குப் பின்னால் ஓசோன், கரி, யுவி எல்லாம் வைத்திருக்கிறார்கள். அது அவர்கள் பட்ஜெட்.

கார்பன் ஃபில்டர் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து கரியை மாற்றாதவர்கள் கை தூக்குங்கள் என்றால் நிறையக் கை எழும். புதுக் கரி மருந்தை உறிஞ்சும். பழையது உறிஞ்சாது, அதன் மேல் வளர்ந்த படலம் கொஞ்சம் வேலை செய்யும். மாற்றிவிடுங்கள்.

பவுடர் பற்றி ஒரு பத்தி போதும். சல்ஃபமெதாக்சசோலையே உணவாக எடுத்துக்கொள்ளும் மைக்ரோபாக்டீரியம் பிஆர்1 என்ற பாக்டீரியா உண்மையிலேயே உண்டு, ஆய்வுக்கூடத்தில் பிரித்தெடுத்திருக்கிறார்கள். டிராமெட்டிஸ் வெர்சிகலர் என்ற மரப்பூஞ்சையை வைத்து பார்சிலோனாவில் மருத்துவமனைக் கழிவுநீரையே சுத்தம் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் பூஞ்சைக்கு பிஎச் 4.5 பக்கம் வேண்டும், சாதாரண பாக்டீரியா வந்து மூடாமல் காக்கவேண்டும். உங்கள் டேங்கில் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினால், வந்தவர்களை வீட்டுக்காரர்கள் துரத்திவிடுவார்கள். அந்தக் காசுக்கு டேங்கில் காற்றூதும் டிஃப்யூசரை மாற்றுங்கள்.

அழுத்திய ஸ்லட்ஜ் எங்கே போகவேண்டும்

தென்னைக்குப் போடலாமா என்று தோட்டக்காரர் அண்ணன் கேட்பார். வேண்டாம். சிப்ரோவும் டாக்சிசைக்ளினும் அதில்தான் ஒட்டிக்கிடக்கின்றன. கம்போஸ்ட் செய்தால் டெட்ராசைக்ளின் வகை ஓரளவு உடையும், சிப்ரோ அவ்வளவு எளிதில் உடையாது. 2016 விதிகளும் மருத்துவமனைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு (ஈடிபி) ஸ்லட்ஜைப் பொது உயிரி மருத்துவக் கழிவு நிலையத்தில் எரிக்கவோ, அபாயகரக் கழிவு நிலையத்துக்கு அனுப்பவோதான் சொல்கின்றன. எவ்வளவு அனுப்பினோம் என்ற கணக்கை மேலே சொன்ன 17.5 கிலோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கில் இருக்கும் கிலோ ரசீதில் இல்லை என்றால் எங்கோ ஒரு தென்னை மரம் செழித்துக்கொண்டிருக்கிறது.

சுத்திகரித்த நீரை ஃப்ளஷுக்கும் மரங்களின் வேருக்கும் விடுங்கள். ஸ்பிரிங்க்ளரில் தெளிக்கவேண்டாம், கீரைப் பாத்திக்கு வேண்டாம். இடமிருந்தால் அரை மீட்டர் ஆழத்தில் கல்வாழையும் சம்பும் வைத்த பாத்தி வழியாக விடலாம். கடைசியில் கொஞ்சம் திறந்த நீர்ப்பரப்பு வைத்தால் வெயிலே சிப்ரோவை உடைக்கும், அந்த வேலைக்கு நம் ஊர் வெயில் தாராளம்.

குறைந்ததா என்று பார்ப்பது

விதிப்படி மருத்துவமனை வெளியேற்றும் நீருக்கு லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் பிஓடி 30, சிஓடி (வேதிமுறையில் அளக்கும் கழிவு) 250, டிஎஸ்எஸ் 100, எண்ணெய் 10, அதோடு பிஎச் 6.5 முதல் 9, அப்புறம் அந்த நீரில் 96 மணி நேரம் விட்ட மீன்களில் 90 சதவீதம் உயிரோடு இருக்கவேண்டும். ஆன்டிபயாட்டிக் என்ற வரியே இல்லை. மருந்து ஆலைகளுக்கு 2020 ஜனவரி வரைவில் வரம்பு சொன்னார்கள், 2021 ஆகஸ்ட் இறுதி அறிவிப்பில் அதுவும் காணாமல் போனது. அதனால் யாரும் உங்களிடம் கேட்கப்போவதில்லை. நீங்களாகப் பார்த்தால்தான் உண்டு.

மருந்தின் அளவை நேரடியாக அளக்கும் எல்சி-எம்எஸ் பரிசோதனை விலை அதிகம். முடிந்தால் வருடத்துக்கு ஒருமுறை சிப்ரோ, சல்ஃபமெதாக்சசோல், ட்ரைமெத்தோப்ரிம், அசித்ரோமைசின் நான்குக்கு மட்டும் கொடுங்கள். ஒரு நேரத்தில் மொண்ட மாதிரி வேண்டாம், 24 மணி நேரக் கலவை மாதிரி. ஸ்லட்ஜிலும் ஒரு மாதிரி எடுங்கள், இல்லாவிட்டால் சிப்ரோ கணக்கு உங்களை ஏமாற்றும்.

மாதாமாதம் செய்யக்கூடியது வேறொன்று. மருத்துவமனையில் மைக்ரோபயாலஜி லேப் இருக்கிறதே. டாக்டரிடம் பேசி, இரண்டு வகைத் தட்டுகள் கேளுங்கள்: சாதாரண மக்கான்கி அகார் (குடல் பாக்டீரியா வளர்க்கும் ஊட்டம்), லிட்டருக்கு 4 மில்லிகிராம் செஃபோடாக்சைம் என்ற ஆன்டிபயாட்டிக் கலந்த மக்கான்கி அகார். உள்ளே வரும் நீர், குளோரின் போடுவதற்கு முன் வெளியேறும் நீர், இரண்டையும் பத்துப் பத்து மடங்காக நீர்க்கவைத்து இரு தட்டிலும் பரப்பி, 37 டிகிரியில் ஒரு நாள் விடுங்கள். இளஞ்சிவப்புக் காலனிகளை எண்ணுங்கள். ஈ.கோலை மட்டும் வேண்டுமென்றால் டிபிஎக்ஸ் அகார், அதில் நீலப்பச்சையாக வரும். பிளான்ட் அறையில் இதைச் செய்யாதீர்கள். லேப் ஆட்கள் லேபில் செய்து, தட்டுகளை ஆட்டோகிளேவ் பண்ணித்தான் எறியவேண்டும்.

இரண்டு எண்களைக் குறித்துவையுங்கள். மொத்தக் காலனிகள் எவ்வளவு குறைந்தன என்பது ஒன்று; ஒழுங்கான பிளான்ட் 90 முதல் 99 சதவீதம் குறைக்கும். மருந்துத் தட்டில் வளர்ந்தவை மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்பது இன்னொன்று. இந்தச் சதவீதம் வெளியேறும் நீரில் உள்ளே வந்ததைவிட ஏறியிருந்தால் ஸ்லட்ஜ் வயது, டிஓ, ஹைப்போ லாக் மூன்றையும் அந்த வாரத்துக்குத் திருப்பிப் பாருங்கள். எங்கள் பிளான்ட்டில் சதவீதம் ஏறிய மாதங்களில் பெரும்பாலும் ஹைப்போ பக்கத்தில்தான் விடை கிடைத்தது.